திருப்பணியாளரின் சொல்லும் நம் மக்களின் நிமிர்வும்

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில், திருச்சபைப் போதகர்களின் சொற்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. நம் பாட்டன்மார் காலத்தில் பற்பல ஊர்களில் பள்ளிக்கூடமும் கோயிலும் வேறுவேறாக இருந்ததில்லை. சேரியின் நடுவே ஒரு கூரைக்கொட்டகை. கிழமை நாட்களில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையில் அதுவே கோயில். மணலில் விரல் பிடித்து எழுதக் கற்பித்தவரும் உபதேசியார்தாம். செபம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தாம். எழுத்தும் இறைநம்பிக்கையும் ஒரே வாயிலிருந்து நம்மை வந்தடைந்தன. அந்த வாய் எச்சொல்லைத் தேர்ந்தது, எச்சொல்லை விடுத்தது என்பது நம் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். நம் சமூகத்தார் அனைவரும் கிறிஸ்தவர் அல்லர் என்பதை நாம் அறிவோம். எனினும், மேடையேறி மக்களுக்கு வழிகாட்ட முனையும் எவர்க்கும் நாம் கூறப்போகும் கருத்து பொருந்துவதாகும்.

அக்கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருப்பணியாளர் ஆளும் சொல் வெறும் ஒலியன்று. அது கேட்பவனை நிமிர்த்தும், அல்லது குனியவைக்கும். எந்தச் சொல்லைக் கேட்டு நம் மக்கள் நிமிர்ந்தார்களோ அச்சொல் நற்செய்தி. எந்தச் சொல்லைக் கேட்டு மேலும் குனிந்தார்களோ, அது திருமறையிலிருந்தே எடுக்கப்பட்டதாயினும், நமக்கு நற்செய்தியன்று. இவ்வளவே நாம் கூறவந்தது. இதற்குச் சான்றுகள் சிலவற்றைக் காண்போம்.

வேதம் என்னும் சொல்

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மயிலாடி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் சாம்பவர் குலத்திற் பிறந்த மகாராசன் என்னும் பெரியவர் சிதம்பரம் நோக்கிப் பயணம் மேற்கொண்டார். இடையே தஞ்சையில் உறவினர் இல்லத்தில் தங்கியபோது கிறிஸ்தவ மறையைக் கேட்டறிந்து, 1799-இல் திருமுழுக்குப் பெற்றார். அன்று அவர் ஏற்ற பெயர் வேதமாணிக்கம். 1806-இல் ரிங்கல்தௌபே என்னும் செருமானியக் குருவானவர் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கோயில் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது, தாம் நிறுவிய சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார்.

இளைஞர்களே, அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேதத்தைக் காதாற் கேட்பதும் நம்மவர்க்குக் குற்றமென்று சாத்திரம் விதித்திருந்த நாடு இது. அந்த நாட்டில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் வேதமாணிக்கம் ஆனார். கிறிஸ்தவத் திருநூலுக்கு வேதம் என்றும், அதனைக் கைக்கொண்டோர்க்கு வேதக்காரர் என்றும், வழிபாட்டிடத்திற்கு வேதக்கோயில் என்றும் தென்மாவட்டங்களில் பெயர் வழங்கலாயிற்று. ஓலையும் ஏடும் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டவன் கையில் வேதப்புத்தகம் ஏறிற்று. அந்த ஒரு சொல் செய்த வேலையை ஆயிரம் சொற்பொழிவுகள் செய்திருக்க இயலாது.

ஆயினும் சொல் தானாகவே எதையும் செய்துவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகள் இத்தகைய வடமொழிச் சொற்களையே தேர்ந்தெடுத்தார். அவர் தமிழும் வடமொழியும் கற்ற பேரறிஞர், அதில் ஐயமில்லை. ஆனால் உயர்சாதியார் உள்ளம் கவரும்பொருட்டு, அவர் பிராமண சந்நியாசியின் கோலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களினின்றும் ஒதுங்கி வாழ்ந்தார். பின்னர் 1640 அளவில் ஏனைய சாதியார்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் வேறு வகைக் குருமார் ஏற்பட்டனர். உயர்ந்தோர்க்கு ஒரு குரு, மற்றையோர்க்கு வேறொரு குரு! சொல் ஒன்றுதான். மதுரையில் அது உயர்ந்தோர் வாயிலைத் தட்டிற்று. மயிலாடியில் அது சேரியின் குடிசைக்குள் வந்து அமர்ந்தது. சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

ஆண்டையும் ஆண்டவரும்

கடவுளை எப்பெயரால் அழைப்பது என்பதில் தமிழ்க் கிறிஸ்தவ அறிஞர்கள் நானூறு ஆண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய முதல் தமிழ் நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. நொபிலி அடிகள் சர்வேசுரன் என்றார். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கும் அவ்வழியே சர்வேசுரன் என்றார். பெப்ரீசியசு ஐயர் பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. எச்சொல் செந்தமிழ், எச்சொல் சமயப் பொதுமைக்கு ஏற்றது என்றெல்லாம் ஆராய்ந்தனர். நல்லதே. ஆயினும் வயலிற் குனிந்து நாற்று நடுபவளின் காதில் அச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

நாம் கேட்போம். எல்லாச் சபையாரும் செபத்தில் ஆளும் சொல் 'ஆண்டவரே' என்பதாகும். காவிரிப் படுகையில் பண்ணையாள் தன் நிலக்கிழாரை அழைத்த சொல் 'ஆண்டே' என்பதாகும். இரண்டும் 'ஆள்' என்னும் ஒரே வேரினின்று தோன்றியவை. ஆறு நாள் ஆண்டையின் முன் கைகட்டி நின்றவன், ஏழாம் நாள் ஆண்டவரின் முன் கைகட்டி நிற்கிறான். அவன் உள்ளத்தில் இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் உறவினர் என்று தோன்றினால் வியப்பென்ன?

இங்கேதான் போதகரின் பொறுப்பு தொடங்குகிறது. "ஆண்டவர் ஒருவரே, ஆதலால் மண்ணில் எவனும் உனக்கு ஆண்டையல்லன்" என்று அவர் விளக்கினால், அச்சொல் விலங்கொடிக்கும் சம்மட்டியாகிறது. "ஆண்டவர் வைத்த நிலையில் அமைந்திரு" என்று விளக்கினாலோ, அதே சொல் விலங்கின் இன்னொரு கண்ணியாகிறது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழைப்பாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். உலகெங்கும் சமாதானம் என்னும் சொல் பாடப்பட்ட நாள் அது. அந்நாளுக்குப் பின் ஒரு போதகர், நீதியை நாவெடுத்துச் சொல்லாமல் சமாதானத்தை மட்டும் சேரியில் வந்து போதிப்பாரேல், அச்சமாதானம் யார் பக்கம் நிற்கும்? நாமே விடை கூறிக்கொள்ளலாம்.

ஊழியமும் தாழ்மையும்

திருப்பணியை ஊழியம் என்றும், அதனைச் செய்பவரை ஊழியர் என்றும் வழங்குகிறோம். இச்சொல்லின் பழைய வடு நம்முள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசும் மேற்குடியினரும் கூலியின்றிப் பிடுங்கிய கட்டாய உழைப்பு. ஞாயிற்றுக்கிழமையில் வழிபாட்டிற்குச் செல்ல விடாமல் ஊழியத்திற்கு இழுத்துச் சென்ற கொடுமை இருந்தது. கர்னல் மன்றோ அங்கே அதிகாரத்தில் இருந்த காலத்தில், 1815-ஆம் ஆண்டளவில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்தினின்றும் விலக்கும் ஆணை பிறந்தது.

எந்தச் சொல்லின் பெயரால் நம் முன்னோர் முதுகு வளைந்ததோ, அதே சொல் திருச்சபையில் தூய சொல்லாயிற்று. இது தவறென்று நாம் சொல்லவில்லை. கட்டாயத்தால் செய்தது அடிமைத்தனம்; அன்பினால் தாமே முன்வந்து செய்வது தொண்டு. தாம் நிகழ்த்திய இராவுணவின்போது சீடர் கால்களைக் கழுவிய இயேசு பெருமான், ஊழியத்தை மேலிருப்பவன் ஏற்கவேண்டிய ஒன்றாக்கினார். ஆதலால் அச்சொல்லைத் தமக்குப் பட்டமாகச் சூடிக்கொள்ளும் போதகர், உண்மையில் ஊழியம் செய்பவர் யார் என்று நோக்க வேண்டும். ஊழியர் நாற்காலியில் வீற்றிருக்க, கோயில் முற்றத்தைக் கூட்டுவதும் குழி வெட்டுவதும் எப்போதும் ஒரே தெருவாரின் கடமையாக இருக்குமாயின், அங்கே பழைய ஊழியந்தான் புதிய அங்கி அணிந்து நிற்கிறது.

தாழ்மை என்னும் சொல்லும் இத்தகையதே. தாழ்மை உயர்ந்த பண்பு. ஆனால் உயரத்தில் இருப்பவன்தான் தாழ முடியும். பள்ளத்தில் தள்ளப்பட்டவனைப் பார்த்து "தாழ்மையாயிரு" என்பது அறவுரையன்று. அவன் தோள்மேல் வைக்கும் மற்றொரு கல். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமைக் கோலம் பூண்டார் என்று திருமறை கூறுவது, ஆதிக்கம் உடையோர்க்குச் சொன்ன அறிவுரை. அடிமைக்கு வேண்டியது அன்னை மரியாளின் பாட்டு. ஆதிக்கக்காரர் இருக்கை இழப்பதையும், கீழே வைக்கப்பட்டோர் மேலெழுவதையும் அவ்வேழைப் பெண் பாடினாள். எவர்க்கு எப்பகுதியை வாசிப்பது என்று தெரிந்திருத்தலே திருப்பணியாளரின் கல்வி.

இதனுடன் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுவோம். பாவத்தைக் கறுப்பு என்றும், தூய்மையை வெண்மை என்றும் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டும் வழக்கம் ஞாயிறு பள்ளிகளில் இருந்து வந்துள்ளது. வெயிலில் உழைத்துக் கறுத்த தாயின் மடியிலிருந்து எழுந்து வந்த குழந்தை அப்படத்தைப் பார்த்து என்ன கற்கும்? தன் தாயின் நிறம் பாவத்தின் நிறம் என்றன்றோ கற்கும்!

தாழ்ந்தவரா? தாழ்த்தப்பட்டவரா?

இனி, நம்மையே குறிக்கும் சொல்லுக்கு வருவோம். நம் முன்னோர் இதில் உறங்கிக்கிடக்கவில்லை. இழிவாகச் சொன்ன பெயரையே தலைநிமிர்ந்து ஏந்தி, இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அப்பெயரை ஏற்காத அயோத்திதாச பண்டிதர் 1907-இல் தொடங்கிய தம் இதழ் வழியே, நாமே பூர்வத் தமிழர் என்று முழங்கினார். எம். சி. ராஜா போன்றோர் முயற்சியால் 1922-இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. காந்தியடிகள் 1933-இல் 'ஹரிஜன்' இதழைத் தொடங்கி வழங்கிய பெயரை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தபின், நொறுக்கப்பட்டவர் எனப் பொருள்படும் தலித் என்னும் சொல் நாடெங்கும் பரவிற்று. பிறர் இட்ட பெயரை மறுத்து, தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்வதும் விடுதலைப் போரே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

திருச்சபைப் பேச்சில் நெடுங்காலம் வழங்கிய சொல் 'தாழ்ந்த சாதியார்' என்பதாகும். நாம் சொல்வது 'தாழ்த்தப்பட்டோர்'. ஓரெழுத்து ஈரெழுத்து வேறுபாடு என்று எண்ணற்க. தாழ்ந்தவன் என்றால் அவன் தானே தாழ்ந்தான். குற்றம் அவன் பிறப்பில், அவன் ஒழுக்கத்தில். தாழ்த்தப்பட்டவன் என்றால் தாழ்த்தியவன் ஒருவன் உண்டு, குற்றம் அவனுடையது. முதற்சொல்லை ஆளும் போதகர் சேரிக்கு வந்து பழந்துணியும் பால்மாவும் தருவார்; இரங்குவார்; குளித்துத் தூய்மையாக இருங்கள் என்பார். இரண்டாம் சொல்லை ஆளும் போதகரோ, தாழ்த்தியவன் தெருவிற்கும் செல்ல வேண்டியவராகிறார்; அங்கே நின்று மனந்திரும்பு என்று சொல்ல வேண்டியவராகிறார். ஒரு சொல் மாறியவுடன் பாவம் எது என்பது மாறுகிறது. பாவி யார் என்பது மாறுகிறது. திருப்பணி இரக்கத்திலிருந்து நீதிக்கு நடக்கிறது.

இது வெறும் கற்பனையன்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற குருமார், அங்கு நம்மவர் பட்ட துன்பத்தை விதியென்றோ சோம்பலென்றோ எழுதவில்லை. அடிமைத்தனம் என்று எழுதினர். நிலம் வேண்டும் என்று கேட்டனர். மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடும் நிலத்தின் தொடக்கம் அதுவே. நோய்க்குச் சரியான பெயரிட்டால்தான் மருந்து பிறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இறையியலிலும் அவ்வாறே. 1981-இல் பெங்களூரில் ஆற்றிய உரையொன்றில் அரவிந்த் நிர்மல் தொடங்கிய சிந்தனை, பின்னர் தலித் இறையியல் எனப் பெயர்பெற்றது. நம் துன்ப வரலாற்றிலிருந்தே கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கலாம் என்று அவர் காட்டினார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்டவர், 2005-இல் மறையும்வரை நாட்டுப்புற மெட்டிலும் நம் வீட்டுப் பேச்சிலும் வழிபாட்டை அமைத்தார். தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறையைக் கோயிலுக்குள் ஒலிக்கச் செய்தார். கடவுளை அவர் 'பெத்தவரே' என்று விளித்தார். ஆளுகின்றவர் என்னும் சொல்லுக்கு அருகில், பெற்றவர் என்னும் சொல் வந்து அமர்ந்தது. ஆண்டையின் முன் கைகட்டி நின்று பழகியவன், பெற்றவர் முன் கைகட்ட வேண்டியதில்லை. பசிக்கிறது என்று உரிமையோடு கேட்கலாம்.

இல்லை என்பதும் கூடாது என்பதும்

இன்னும் ஒரு வாக்கியத்தை ஆராய வேண்டும். "சபையில் சாதி இல்லை" என்பதே அது. மேடைதோறும் கேட்கிறோம். கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் நிற்கும் ஊர்களில், திருவிழாத் தேர் நம் தெருவிற்குள் வராத ஊர்களில், அவ்வாக்கியம் உண்மையன்று. இருப்பதை இல்லை என்பவர் அதனை ஒழிக்கப் புறப்பட மாட்டார். "சாதி இருக்கலாகாது" என்பதே போதகர் சொல்ல வேண்டிய வாக்கியம். அது இருப்பதை ஒப்புக்கொள்கிறது, ஒழிக்கக் கட்டளையிடுகிறது.

இல்லை என்னும் சொல்லுக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. இந்து சமயத்தினின்றும் வேறான சமயத்தாரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்று 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்க்கும், 1990-இல் பௌத்தர்க்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவரான நம்மவர்க்கு இன்றுவரை திருத்தப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாக்கியமே நமக்கெதிரான வாதமாக எடுத்துவைக்கப்பட்டது. ஊரார் மறக்காத சாதியைச் சட்டம் மட்டும் மறந்துவிட்டது.

இளைஞர்களுக்கு

இவற்றையெல்லாம் சொன்னது போதகர்களைப் பழித்துரைப்பதற்கன்று. எழுத்தறிவித்தவரை மறப்பது நம் மரபன்று. கேட்போர் விழிப்பாக இருந்தால்தான் சொல்வோர் பொறுப்பாக இருப்பர் என்பதற்காகவே சொன்னோம்.

ஆதலின் உங்கள்முன் சில கடமைகளை வைக்கிறோம். போதனை கேட்கும்போது சொற்களைக் கவனியுங்கள். ஐயம் எழுந்தால் மரியாதையோடு போதகரை அணுகி, "ஐயா, இச்சொல் எங்களுக்கு இவ்வாறு கேட்கிறது" என்று சொல்லுங்கள். இறையியற் கல்லூரிக்குச் செல்வோர், பேராசிரியர் தரும் நூல்களோடு உங்கள் பாட்டி செபிக்கும் சொற்களையும் எழுதிச் செல்லுங்கள், அவையும் நூல்களே. ஞாயிறு பள்ளியில் கற்பிப்போர், சேரிக் குழந்தை தன் நிறத்திற்கும் தெருவிற்கும் வெட்கப்படாதபடி கற்பியுங்கள். நகரத்து வணிகரை "வாருங்கள்" என்றும், நம் தெருவின் எழுபது வயது முதியவரை "வாப்பா" என்றும் அழைக்கும் வழக்கத்தை எங்குக் கண்டாலும் திருத்துங்கள்.

இறுதியாக, நம்மையும் நாம் சோதித்துக்கொள்வோம். நமக்குத் துணி வெளுத்துத் தரும் புதிரை வண்ணாரை நாம் எவ்வாறு விளிக்கிறோம்? துப்புரவுத் தொழில் செய்யும் அருந்ததியர் பெரியவரை "நீ" என்கிறோமா, "நீங்கள்" என்கிறோமா? நம் வீட்டுப் பெண்கள் சபைக்கூட்டத்தில் எழுந்து பேசும்போது எச்சொல்லால் அமர்த்துகிறோம்? நம்மை நிமிர்த்திய சொல்லை நாம் பிறர்க்கு மறுப்போமாயின், நாமும் ஒரு சிறு ஆண்டையே ஆவோம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்து வந்துள்ளது. எழுத்தறிந்தவன் சொல்லறிய வேண்டும். சொல்லறிந்தவன் அதன் எடையறிய வேண்டும். சேரிக் கொட்டகையில் உபதேசியார் பிடித்த விரல்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவ்விரல்கள் இனி எழுதும் சொல்லும், நம் நாவு இனிப் பேசும் சொல்லும், கேட்போர் எவரையும் குனியவைக்காத சொல்லாக அமைக!